அக்காவின் நிச்சயத்துக்கு நான் போட்ட தரை

ஒன்றுமே படிக்காதவரால் ஒரு வீட்டுக்குப் பெரிய சேதம் வந்து நான் பார்த்ததில்லை. பாதி படித்துவிட்டு விடுமுறைக்கு வீடு திரும்புகிறவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில், கோலாலம்பூரில் இரண்டாம் ஆண்டு கணிதம் படித்துக்கொண்டிருந்த நான், பண்டமாரானில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

அக்கா சரோஜாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இரண்டு சம்பந்தங்கள் பேசிக் கலைந்திருந்தன. மூன்றாவதாக, காப்பாரில் செல்வம் என்பவர் வீட்டில் சம்மதம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, வெடித்துக் கிடந்த சிமெண்ட் ஹாலுக்கு டைல்ஸ் போட மணியம் அண்ணனை வரச்சொல்லியிருந்தார். சதுர டைல்ஸே போதும் என்பது அவர் எண்ணம். இந்தச் சம்பந்தமாவது கலையக்கூடாது என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத வேண்டுதல்.

நான் விடவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் பார்த்திருந்தேன். குண்டாக ஒரு சாய்சதுரம், ஒல்லியாக ஒரு சாய்சதுரம். இந்த இரண்டை மட்டும் வைத்து இடைவெளி இல்லாமல் தரை முழுக்க நிரப்பலாம், ஆனால் கோலம் சீராகத் திரும்பத் திரும்ப வராது. எத்தனை கல் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒல்லி ஐந்துக்குக் குண்டு எட்டு, எட்டுக்குப் பதின்மூன்று. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. எங்கள் சின்ன ஹாலுக்கு ஒல்லி எண்பத்தொன்பது, குண்டு நூற்று நாற்பத்து நான்கு. நான் வரைந்து கணக்குப் போட்டுக் கொடுத்த காகிதத்தை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் படிப்பின் மேல் அவருக்கு இருந்த மரியாதைதான் (அந்த வாரத்தோடு அது கொஞ்சம் குறைந்தது) எங்களைக் கெடுத்தது.

மணியம் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சதுரங்களைச் சாய்சதுரமாக வெட்டினார். எந்த விளிம்பு எதோடு சேர வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டேன். வெள்ளிக்கிழமைதான் பதிக்கத் தொடங்கினோம். நேரம் போதாது என்று, வாசல் பக்கம் அவரும் அடுப்படிப் பக்கம் அவர் மச்சானும் ஒரே சமயத்தில் போடட்டும் என்றேன்.

“ஒரு பக்கமிருந்தே போவோம்மா. ரெண்டு பக்கம் பிடிச்சா நடுவுல இடிக்கும்லா,” என்றார் மணியம் அண்ணன்.

“அம்பு சரியா சேர்ந்தா எல்லாம் சரியா வரும் அண்ணே. அது நிரூபிச்சது.”

யாரும் அப்படி நிரூபிக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு சரியாகச் சேர்ந்தாலும் கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கலாம் என்று அதே கட்டுரையின் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் படங்களை மட்டும் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் ஹாலின் நட்டநடுவில், ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு இடம் மிச்சம் நின்றது. குண்டும் சேரவில்லை, ஒல்லியும் சேரவில்லை.

“நாலு கல்லை வெட்டிப் போட்டா முடிஞ்சது,” என்றார் மணியம் அண்ணன்.

“வெட்டக்கூடாது அண்ணே. வெட்டினா தப்பான தரை.”

“சுவரோரம் எல்லாம் வெட்டித்தானே போட்டோம்?”

“சுவரோரம் வேற, நடுவுல வேற.”

அவர் எழுந்து கையைக் கழுவினார். தெலுக் பங்லிமா காராங்கில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி, மிச்ச சிமெண்டை வைத்துவிட்டுக் கிளம்பினார். சாயங்காலத்துக்குள் வழி கண்டுபிடிப்பதாக அப்பாவிடம் சத்தியம் செய்தேன். கண்டுபிடிக்கவில்லை. ஞாயிறு காலை, பழைய சிமெண்டைப் பெயர்த்ததில் குழியாகவே நின்ற அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை மடித்து வைத்து, மேலே பாய் விரித்தேன்.

மாப்பிள்ளையின் அத்தை சீர்த்தட்டோடு அந்தப் பாய்க்கு வந்தார். கால் உள்ளே போனது. வெற்றிலை, பழம், குங்குமம் எல்லாம் பறந்தன. தேங்காய் மட்டும் என் தரையைச் சற்றும் மதிக்காமல் நேர்கோட்டில் உருண்டு அடுப்படிக்குள் போனது. நல்லவேளை, அத்தைக்கு அடியில்லை. எழுந்து, பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“நிச்சயத்தன்னிக்கு வீட்டு நடுவுல குழி. மனசு ஒப்பல. இன்னொரு நாள் பார்ப்போம்,” என்றார்.

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். முன்பே இரண்டு முறை கேட்டிருக்கிறோம்.

அவர்கள் போனதும் அக்காவிடம் போய் அழுதேன். “ரெண்டு பக்கமும் சரியாத்தான்க்கா இருந்துச்சு.”

“நடுவுலதான்டி நாங்க உட்காரணும்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிச்ச சிமெண்டை வாளியில் குழைத்து, தானே குழியில் கொட்டத் தொடங்கினாள். அப்பா தடுக்கவில்லை. தப்பான தரையைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செல்வம். வீட்டார் காரில் போக, அவர் மட்டும் பாதி வழியில் திரும்பியிருந்தார். அதுவரை அவரும் அக்காவும் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாளியை எட்டிப் பார்த்தார்.

“தண்ணி கூடிப் போச்சு. இன்னும் கொஞ்சம் சிமெண்ட் போடுங்க.”

அக்கா நிமிர்ந்தாள். “உங்க அத்தை?”

“அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். சிமெண்ட் கரண்டி இன்னொன்னு இருக்கா?”

அவர் முட்டி போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

சில வருடங்கள் கழித்து அவர்கள் காப்பாரில் வீடு கட்டினார்கள். அதற்குள் நான் இதே தரைக் கணக்கில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியிருந்தேன். டைல்ஸ் போட வந்தவரிடம் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: “என் தங்கச்சி லீவுல வர்றதுக்குள்ள முடிச்சிருங்க அண்ணே.” வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அத்தான் இன்றும் இதைச் சொல்கிறார், நான் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹால் முழுக்கச் சதுரக் கல். சிமெண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.