நாலு தந்திக்கு எவ்வளவு காசு?

குருநகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் கிறிஸ்ரோபருக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் உம்முடைய அக்கா மக்டலீனும் சுகம். ரொறன்ரோக் குளிரில் உம்முடைய மூட்டுகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். நிற்க, வீட்டில் ஒரு வழக்கு. தீர்ப்புச் சொல்ல உம்மை விட்டால் ஆளில்லை.

மாரியில் வந்த சிக்குன்குனியாக் காய்ச்சல் அக்காவின் விரல்களை மடங்கவிடாமல் செய்துவிட்டுப் போனது உமக்குத் தெரியும். விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். உடனே நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். அவளோ, கோயிலில் பாட்டுப் படிக்கிற ஷெரோனின் உக்குலேலேயை, அதுதான் நாலு தந்தி போட்ட குட்டிக் கிற்றாரை, ஒருநாள் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பந்தை நீங்களே வைச்சு விளையாடுங்கோ, எனக்கு அதுதான் வேணும்" என்றாள்.

ரவுணிலுள்ள வாத்தியக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார்: எட்டாயிரம், பதினெண்ணாயிரம், நாற்பத்தையாயிரம். மக்டலீன் மூன்றாவதை மடியில் வைத்து மெல்லத் தட்டினாள். கடையில் நின்ற எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"மூண்டிலையும் நாலு தந்திதானே தம்பி?"

"ஓம் ஐயா, ஆனா சத்தம்..."

"சத்தம் எங்கடை வீட்டிலை வேண்டிய அளவு இருக்கு."

எட்டாயிரத்தோடு வந்து சேர்ந்தோம். ஒரு பாட்டு முடிவதற்குள் மூன்று தரம் சுருதி இறங்கும். அவளும் பொறுமையாக முறுக்கி முறுக்கிப் படித்தாள். போன வெள்ளிக்கிழமை லூர்த்தம்மா வீட்டுச் செபக்கூட்டத்தில் முதற்தரம் எல்லாருக்கும் முன்னால் வாசித்தாள். இரண்டாவது அடியில், தந்திகளைப் பிடித்திருந்த கட்டை பசை விட்டு எழும்பிப் பறந்து, பாதருடைய தேத்தண்ணிக்குள் விழுந்தது. பாதர் "ஆமென்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அன்றிரவு என் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டு இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் பந்து இருந்தது.

இப்போது அவளுக்கு நாற்பத்தையாயிரம்தான் வேண்டுமாம். "பதினெண்ணாயிரம் போதும், நடுத்தரமா இருக்கிறதுதான் நல்லது" என்று பக்குவமாகச் சொன்னேன்.

"ஓம், அப்பாவும் உப்பிடி நினைச்சுத்தான் எனக்கு மாப்பிளை பாத்தவர்" என்றாள்.

மச்சான், நீர் சொன்னால் அக்கா கேட்பாள். ஒருக்கால் போன் எடுத்துப் பதினெண்ணாயிரமே போதும் என்று சொல்லிவிடும். உம்முடைய வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசீரும். பனியில் வழுக்கி விழாமல் நடவும்.

இப்படிக்கு,
வின்சன்ற் அத்தான்

பி.கு.: கடித உறையை ஒட்டிய பிறகு திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அக்கா தன் கையாலேயே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நாற்பத்தையாயிரத்தையே வாங்கி வந்துவிட்டேன். நீர்தான் காசு அனுப்பினதாகச் சொல்லியிருக்கிறேன். மறந்தும் மறுத்துவிடாதையும், நான்தான் செலவழித்தேன் என்று தெரிந்தால், பிறகு அவள் என்னுடைய ஒரு சொல்லுக்கும் பயப்படமாட்டாள்.