பாதி ஆட்டத்தில் ஒரு கூட்டம்

நானே தொடங்கி நானே தலைவராகவும் இருந்த கழகத்திலிருந்து என்னை ஏகமனதாக வெளியேற்றினார்கள். வெளியேற்றியவர்கள் யாருக்கும் அப்போது மீசை முளைக்கவில்லை. அதில் ஒருத்திக்கு முளைக்கும் உத்தேசமும் இல்லை.

அந்நாளில் நான் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா. நாலு கிராணிகள் சேர்ந்து தேநீர் குடித்தால்கூடத் தலைவர், செயலாளர், நன்றியுரை எல்லாம் வைத்துக்கொள்வோம். கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் படுத்துத் தூங்கும் பிள்ளைகள் கந்தல் பந்து உதைப்பதைக் கண்டதும் எனக்குக் கழக வெறி பிடித்து, அவர்களுக்கும் ஒன்று தொடங்கிவிட்டேன்.

"எதுவானாலும் பயப்படாம கை தூக்கிப் பேசணும்" என்று கற்றுக்கொடுத்தேன். (என்னைப் பற்றியே பேசுவார்கள் என்று யார் கண்டது?)

அவர்களுக்கு வேண்டியிருந்தது கழகம் அல்ல, திடல். எங்கள் அலுவலகத் திடலில் கால் வைத்தாலே விரட்டுவார்கள். பெரிய கிராணியிடம் கெஞ்சி ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தேன். ஆட்டத்தன்று அவர் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் சிரித்துக்கொண்டே அறிவித்தார்: "எங்க ஆளுங்ககிட்ட தோக்காம இருந்தா, ஞாயித்துக்கிழமை திடல் இவங்களுக்கு."

பிள்ளைகளின் அணிக்குக் கோல் காவலர், அடியேன்.

"மாரி நிக்கட்டுமே ஐயா" என்றான் பிள்ளைகளில் மூத்தவனான முனியன். ஓடும் எஞ்சினிலிருந்து எறியப்படும் கரித்துண்டுகளைக் கீழே விழாமல் பிடித்து விற்கும் பெண் மாரி. 'பெண்ணாவது, பந்தாடுவதாவது' என்று மறுத்துவிட்டேன். (பெண் முன்னேற்றம் பற்றி மாதம் ஒரு சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தவனும் நான்தான்.)

முதல் கோல், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போது விழுந்தது. அது ஏன் விழுந்தது என்று வேலியோரம் நின்ற என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது இரண்டாவது. மூன்றாவதற்கு ஓங்கி உதைத்தேன். பூட்ஸ் நடுத்திடலுக்குப் போயிற்று. பந்து கோலுக்குள் போயிற்று.

இடைவேளையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்களாகவே கூட்டிய முதல் கூட்டம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. முனியன் கை தூக்கினான்.

"தலைவர் அவர்களே, நீங்க வெளிய போயிடுங்க."

"காரணம்?"

"மூணு கோல் லா, ஐயா!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன, என் மனைவியின் கை உட்பட. (அவள் உறுப்பினர் அல்ல என்று ஆட்சேபிக்கத் தைரியம் வரவில்லை.)

மாரி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கோலில் நின்றாள். அப்புறம் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு ஓடிய பயல்கள் மூன்றையும் திருப்பிப் போட்டார்கள். ஆட்டம் சமன்.

"பொட்டப்புள்ள ஆடுனது செல்லாது. திடல் கிடையாது" என்றார் பெரிய கிராணி. "சரிங்க சார்" என்று என் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

மாரி அவர் முன்னால் போய்க் கை தூக்கி நின்றாள்.

"தோக்கக்கூடாதுன்னுதான் சொன்னீங்க. யாரு நிக்கக்கூடாதுன்னு சொல்லல. இத்தன பேரு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாங்க?"

அவளுக்குப் பின்னால் எல்லாக் கைகளும் உயர்ந்தன. இறங்கவே இல்லை. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது, பெரிய கிராணியைப் பார்த்து.

"சரி, சரி, எடுத்துக்குங்க! மொதல்ல கைய எறக்குங்கடா!"

அடுத்த ஞாயிறு திடல் முழுக்க அவர்கள் கூச்சல்தான். விரட்ட ஆளில்லை. எனக்கு மனம் நிறைந்து, தெருப்பிள்ளைகளுக்கு விளையாட்டு தரும் குரலைப் பற்றி ஒரு சிற்றுரை தொடங்கிவிட்டேன். மாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பேசுங்க ஐயா, வேணாங்கல" என்றாள் கடைசியில். "கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. நீங்க நிக்கிறது கோலு."