செக்கர் அண்ணை கோட்டைச் சண்டையைச் சோதித்த கதை

மொன்றியல் மாநகரத்தில் செக்கர் அண்ணையிடம் "நல்லது" என்று பேர் வாங்கிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. வானத்திலிருந்து விழுகிற பனியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. வாசலில் நின்று குனிந்து பார்த்து, "இந்தப் பக்கம் தடிப்பு, அந்தப் பக்கம் மெல்லிசு. ஆர் இதைப் பாக்காமல் விட்டது?" என்று கேட்டவர் அவர்.

பிள்ளைகளே, அவருக்கும் தாய் தகப்பன் ஒரு பேர் வைத்திருப்பார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ஷபனெல் தெருவில் இருந்த ஒரு சட்டைத் தொழிற்சாலையில் அவர் செக்கர். தைத்து வருகிற சட்டையை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, தையல் ஓடியிருக்கிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று பார்ப்பார். சரியென்றால் முத்திரை. பிழையென்றால் வந்த வழியே திருப்பி எறிவார். ஒருநாள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அண்ணையை மூட ஒருவராலும் முடியவில்லை.

கலியாண வீட்டில் வடையை எடுத்தால் ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். ஒருமுறை மெத்ரோவில், முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரரின் கோட்டுக் கையைப் பிடித்து, "மிஸ்யூ, உங்கட தையல் விட்டுப்போகுது" என்று பிரெஞ்சில் சொன்னார். அந்த மனிதர் பயந்துபோய்க் கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அண்ணை அதைப் புரட்டிப் புரட்டி மூன்று நிலையத்துக்குப் படித்தார். கோட்டுக்காரர் தான் இறங்கவேண்டிய இடத்தை விட்டு, தன் கோட்டோடு கூடவே வந்தார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் எங்கள் சங்கம் ஒரு கணினி விளையாட்டைச் சோதிக்கக் கொடுத்தது.

அது நடந்த விதம் இப்படி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எங்கள் சங்க மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் நடக்கும். அங்கே ஐந்து பழைய கணினிகள் உண்டு. வகுப்பு முடிந்ததும் ஐந்து பெண் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் அதில் விளையாடுவார்கள். என் மகள் அபிஷா அவர்களுக்குத் தலைவி, வயது பதின்மூன்று. விளையாட்டுக்கு ஏதோ நீட்டு இங்கிலிஷ் பேர். நாங்கள் கோட்டைச் சண்டை என்போம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் மூன்று பாதை, பாதை நெடுகக் காவல் கோபுரங்கள். கோபுரங்களை உடைத்துக்கொண்டு போய் எதிரியின் கோட்டையை எவர் முதலில் விழுத்துகிறாரோ அவருக்கு வெற்றி. விளையாட்டு இலவசம். உள்ளே ஒரு கடை மட்டும் உண்டு.

வட்டார நூலகத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். சேர்வதற்கு ஏதாவதொரு சங்கத்தின் கடிதம் வேண்டும். பிள்ளைகள் எங்கள் சங்கத்திடம் கேட்டார்கள். தலைவர் முடியாது என்றார். பெற்றோரும் முடியாது என்றோம். நானும் சொன்னேன், ஒளிப்பானேன்.

"அப்பா, நீங்கள் அதை விளையாடிப் பாத்தனீங்களோ?" என்று அபிஷா கேட்டாள்.

"இல்லை."

"ஆராவது பாத்தவையோ?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தோம். தலைவர் கெட்டிக்காரர். "சரி, முறையாச் சோதிப்பம். செக்கர் அண்ணையிட்டக் குடுப்பம்" என்றார். பிறகு என் காதுக்குள், "அவர் வடையையே ரிஜெக்ட் பண்ணுற மனுசன். அறிக்கை வந்தாப் பேந்து பிள்ளையள் வாய் திறக்கேலாது" என்றார்.

அபிஷாவுக்குக் காது கூர்மை. "அவர் என்ன சொல்லுவார் எண்டு தெரிஞ்சுதானே குடுக்கிறீங்கள். உது நியாயமோ அப்பா?" என்றாள். அதோடு அவள் என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்தினாள். அன்றைக்கிருந்து எனக்குப் பிரெஞ்சு மட்டும். சோறு வேணுமா என்றால், "நோன், மெர்சி", வேண்டாம் நன்றி. குளிருது, தொப்பியைப் போடு என்றால், "மெர்சி, மிஸ்யூ." சொந்த மகளுக்கு நான் மிஸ்யூ, யாரோ ஓர் ஐயா, ஆகிப்போனேன். கோட்டை விழுந்தாலென்ன, விழாவிட்டாலென்ன, என் வீட்டில் தமிழ் விழுந்துவிட்டது.

அடுத்த நாள் நாலு மணிக்கு அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கொப்பி, ஒரு பூதக்கண்ணாடி, ஓர் அளவு நாடா.

"அளவு நாடா எதுக்கு அண்ணை?"

"இருக்கட்டும்."

விளையாட்டுக்குள் முதலில் ஒரு வீரனைத் தெரிவு செய்ய வேண்டும். திரையில் கரடி போல ஒருவன் போர்வை போர்த்து நின்றான்.

"ஆளைத் திருப்பு, பிள்ளை."

அபிஷா திருப்பினாள்.

"பின்பக்கம் காட்டு. ம்ம். போர்வையைத் தூக்க ஏலுமோ?"

"ஏலாது மாமா."

"உள்பக்கம் காட்டாத சாமானை எப்படி நம்புறது?" என்று கொப்பியில் முதல் குறையை எழுதினார். அபிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு கடை. இலவச விளையாட்டில் காசுக்கு என்ன விற்கிறார்கள் என்று பார்த்தால், பிள்ளைகளே, உடுப்பு! கரடிக்குத் தங்கச் சட்டை, கரடிக்கு நெருப்புச் சட்டை. உடுப்பென்றதும் அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார். அவருடைய கண்ணில் ஷபனெல் தெரு தெரிந்தது.

"இதைப் போட்டா அடி பலமா விழுமோ?"

"இல்லை மாமா."

"வேகமா ஓடுவானோ?"

"இல்லை."

"குளிர் தாங்குமோ?"

"மாமா, அது கரடி."

"அப்ப என்னத்துக்கு?"

"வடிவுக்கு."

அண்ணை பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்துப் பார்த்தார். அளவு நாடாவை எடுத்துக் கரடியின் இரண்டு கையையும் அளந்தார். "இடது கை கால் அங்குலம் கட்டை. இதுக்குக் காசோ? வெறும் சட்டையே திறம்" என்று கடையை மூடச் சொன்னார். கடைசிவரை அவருடைய கரடி சும்மா கிடைத்த பழுப்புச் சட்டையோடுதான் சண்டைக்குப் போனது.

அன்றைக்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு வந்து விளையாடினார். விளையாட்டில் அவர் மோசம். மோசம் என்ற சொல்லுக்கே அது அவமானம். கூட விளையாடுகிற முகம் தெரியாத ஆட்கள் எழுத்தில் திட்டுவார்கள். கரடிக்கிழவா, கண் குருடா, இன்னும் நான் இங்கே எழுதக்கூடாத சொற்கள். அண்ணை கோபிக்க மாட்டார். சண்டையின் நடுவில் நின்று, ஒற்றை விரலால், பிரெஞ்சில், "வணக்கம். உங்கள் குறிப்பு கிடைத்தது. நன்றி" என்று தட்டுவார். தட்டி முடிப்பதற்குள் கரடி இரண்டுமுறை செத்துவிடும்.

தோற்கிற நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வரும். "சரணடைவோமா? ஓம், இல்லை." ஐந்து பேரும் ஓம் போட்டால்தான் ஆட்டம் நிற்கும். நாலு பேர் ஓம். அண்ணை இல்லை. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வரும். நாலு ஓம், ஓர் இல்லை. ஒருநாள் ஒரே ஆட்டத்தில் ஆறுமுறை கேட்டது, ஆறுமுறையும் இல்லை.

சரணடைவு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வயதுக்காரருக்கு ஊரில் நடந்த சண்டைதான் நினைவு வரும். அவர் இல்லை போடுவதும் அதனால்தான் என்று நினைத்தேன். ஆனால் அண்ணை சொன்ன காரணம் வேறு.

"கடைசிப் பொத்தான் வரைக்கும் பாக்காமல் ஒரு சட்டையைப் பற்றிக் கதைக்கப்படாது. அரைவாசி ஆட்டத்தை வைச்சு நான் என்னத்தை எழுதுறது? முடியட்டும்."

"மாமா, அவங்கள் உங்களைத் திட்டுறாங்கள்!"

"திட்டட்டும், பிள்ளை. ஆட்டம் முடியேல்லை."

முக்கால் மணித்தியாலம் இழுத்த அந்த ஆட்டத்தில் அவருடைய பக்கம் வென்றது. வீரத்தால் இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஒருவன் சாப்பிடப் போய்விட்டான்.

அறிக்கை வாசிக்கிற கூட்டத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை, மண்டபத்துக்கு வந்து ஐந்து பிள்ளைகளுக்கும் பின்னால் நின்று பார்த்தார். அவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த சின்னவள் ஒருத்தி பிழைக்கு மேல் பிழை விட்டாள். மற்ற நாலு பேரும் அவளைத் திட்டவில்லை. "பறவாயில்லை, எனக்குப் பின்னால வா" என்ற அபிஷாவின் குரல் மட்டும் கேட்டது. அண்ணை ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பிள்ளைகள் ஐந்து பேரும் பின்வரிசையில். அண்ணை எழும்பி வாசித்தார். முப்பத்தேழு குறை. காசு பறிக்கிற கடை, தூஷணம் எழுதுகிறவர்களைப் பிடித்து வெளியில் விடாத நிர்வாகம், கரடியின் இடது கை. ஒவ்வொரு குறைக்கும் தலைவரின் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. பின்வரிசையில் ஐந்து தலைகள் குனிந்தன.

"அப்ப ரிஜெக்ட்!" என்றார் தலைவர்.

"நான் சொன்னனானோ?" என்றார் அண்ணை. "பிழை எல்லாம் விளையாட்டைச் செய்தவங்களில. விளையாடுற பிள்ளையளைப் புரட்டிப் பாத்தன். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒண்டாத்தான் இருக்கு. கடிதத்தைக் குடுங்கோ."

அண்ணையின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை.

"முப்பத்தேழு குறை எண்டு நீங்கள்தானே வாசிச்சனீங்கள்?" என்றார் தலைவர்.

"குறை கண்டவன் நான். தீர்ப்பும் என்ர."

"தீர்ப்பு சங்கத்தின்ர, அண்ணை. கடிதம் வேண்டாம் எண்டிறவை கை தூக்குங்கோ."

கைகள் எழும்பின. என் கையும், பழக்கத்தில், தோள் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணை நேரே என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கையைப் பாதியில வையாதை. மேலையோ, கீழையோ?"

இறக்கிவிட்டேன். ஆனாலும் என்ன, கடிதம் இல்லை என்று முடிவாகிவிட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் கதவில் தட்டுச் சத்தம். அண்ணை ஒரு தாளோடு நின்றார். மேலே கையெழுத்தில், "பழைய செக்கர்மார் சங்கம், மொன்றியல்." கீழே தொழிற்சாலை முத்திரை, "வெரிஃபியே", பார்த்துச் சரி கண்டது என்று அர்த்தம். தொழிற்சாலையை மூடின நாளில் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"செயலாளர் கையெழுத்து வேணும், தம்பி."

"சங்கத்தில எத்தினை பேர் அண்ணை?"

"உன்னோட ரெண்டு."

மற்றச் சங்கத்தில் நான் பன்னிரண்டு வருசமாகக் கதிரை அடுக்குகிறவன். இதில் கையெழுத்து வைத்தால் அந்த மனிதர்களின் முகத்தில் எப்படி முழிப்பது? பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குசினி வாசலில் அபிஷா நின்றாள். வைத்தேன்.

"அப்பா, பேரை வடிவா எழுதுங்கோ" என்றாள், தமிழில்.

நூலகத்தில் இருந்த பெண் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன செய்கிற சங்கம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"சோதிக்கிற சங்கம்" என்றார் அண்ணை.

"எதைச் சோதிப்பீர்கள்?"

"எல்லாத்தையும். உங்கட படிவத்தின்ர ஓரம் கோணல்."

அவள் சிரித்துக்கொண்டு, "பார்ஃபே", மிகச் சரி, என்று வாங்கி வைத்தாள்.

முதல் சுற்றில் பிள்ளைகள் வென்றார்கள். இரண்டாம் சுற்றில் செயின்ட்-மிஷேலில் இருந்து வந்த ஐந்து நெட்டைப் பெடியன்கள் இவர்களின் கோபுரங்களை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். திரையில் அந்தக் கேள்வி வந்தது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐந்து இல்லை. திரும்ப வந்தது. ஐந்து இல்லை. கோட்டை விழும் மட்டும் அடித்தார்கள். கோட்டை விழுந்தது.

நெட்டைப் பெடியன்கள் வந்து கை கொடுத்தார்கள். சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். அண்ணை கொப்பியைத் திறந்தார், பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு கொப்பியை மூடினார்.

"முழுசா முடிச்சிட்டினம். குறையைப் பேந்து சொல்லுறன்" என்றார்.

இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த கிழமை சங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒருவர் இரண்டு சங்கத்தில் இருக்க முடியாதாம், எது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம். நான் ஓ.எல். சோதனை வரை படித்தவன், எனக்கு நீட்டாக எழுத வராது. ஒரு வரியில் பதில் எழுதி, கதிரை அறையைத் திறக்கிற சாவியையும் உறைக்குள் வைத்து அனுப்பினேன்.

அண்ணை இப்போது புரோசார்டில் மகள் வீட்டில் இருக்கிறார். தலைவர் அங்கே, செயலாளர் நான் இங்கே வில்லரேயில். மூன்றாவது ஆள் கிடையாது, ஒரு கூட்டமும் நடந்ததில்லை. ஆனாலும் பிள்ளைகளே, ஊர்ச் சனம் கூடுகிற இடத்தில் எவராவது என்னிடம் நீர் எந்தச் சங்கம் என்று கேட்டால், நான் அந்தச் சங்கம் என்றுதான் சொல்கிறேன்.