செல்லத்துரை சட்டையில் ரோசிலி சித்தி

படம் வரைகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. நாம் எந்தக் கதையை வைத்தோமோ, அதைத்தான் பார்க்கிறவர்களும் படிப்பார்கள் என்று நினைப்போம். அவர்களோ தங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் படிப்பார்கள். இதை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் மலையூர் சூரியநெல்லியில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கையில் மைக்கோடு நின்றபோது தெரிந்துகொண்டேன்.

கொச்சியில் மொபைல் விளையாட்டுகளுக்குக் கதாபாத்திரங்கள் வரைவது என் வேலை. (அம்மா ஊரில் 'கம்ப்யூட்டர் வேலை' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். பொம்மை வரைய யார் சம்பளம் தருவார்கள்?) இந்த வேலையில் முகத்தைவிட உடுப்புதான் அதிகம் பேசும். காவல்காரனுக்குத் தொளதொளவென்று ஒரு காக்கி மாட்டினால், அவன் வேலைக்குப் புதுசு. ஒரு பெண்ணுக்கு ஒற்றைக் கம்மல் போட்டால், இன்னொன்று எங்கே என்ற கேள்வி தானாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அந்த வருடம் ஊர் மாதா கோவில் திருவிழாவுக்கு, தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும் என்று இளைஞர் சங்கத்தில் கேட்டார்கள். யாரை வரைவது என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மாவின் தங்கை ரோசிலி சித்திதான்.

சித்தி கொழுந்து பறிக்கக் கிளம்புவதைப் பார்க்கவேண்டும். சேலைக்கு மேலே சித்தப்பா போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டை. இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட். தலைத்துண்டின் முடிச்சு இடது காதுக்கு மேலே, மழையோ காற்றோ, அசையாது. கழுத்துச் செயினில் சின்னதும் பெரிதுமாக ஊக்குகள். தோட்டத்தில் யாருக்கு எது அறுந்தாலும் சித்தியிடம்தான் ஓடிவருவார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஊக்குகளே சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் அப்படியே வரைந்தேன். சட்டையில் மட்டும் கை வைத்தேன். சித்தப்பாவின் சட்டை வெளிறிப்போன நீலம். பச்சைக்கு நடுவே எடுபடவில்லை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கொடியில் காய்ந்த துணிகளைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். அதில் ஓர் ஆரஞ்சுக் கட்டம் போட்ட சட்டை. பை கிழிந்துபோக, ரோஜாப்பூ போட்ட ஜன்னல் திரைத்துணியில் புதுப் பை தைத்திருந்தார்கள். எனக்குப் புல்லரித்தது. சிக்கனம், உழைப்பு, அன்பு எல்லாம் ஒரே பைக்குள்! சித்திக்கு அதை மாட்டிவிட்டேன். சட்டை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

அது சூப்பர்வைசர் செல்லத்துரையுடையது. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடையில் அதிகமாகக் கழிக்கிறார் என்று சித்தி அவரோடு பெரிய சண்டை போட்டு, இரண்டு பேருக்கும் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த ரோஜாப்பூப் பையைத் தைத்தது அவர் மனைவி மெர்சி அக்கா.

கோவில் முற்றத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகச் சித்தி நின்றார். திரையை விலக்கியதும் நல்ல கைதட்டல். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். மைக்கை வாங்கினேன்.

"இந்தச் சட்டைய நல்லாப் பாருங்க. இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. நான் சொல்லமாட்டேன். உங்களுக்கே புரியும்."

பார்த்தார்கள். புரிந்தது. கைதட்டல் பாதியில் நின்றது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்கே கேட்டது. "ஏட்டி, இது மெர்சி தச்ச பையில்லா?"

கலையை ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். "ஆமா, அந்தப் பைதான் முக்கியம். உறவே அதுலதான் இருக்கு" என்று மைக்கிலேயே விளக்கம் கொடுத்தேன். (இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

மெர்சி அக்கா எழுந்து போனார். செல்லத்துரை பின்னாலேயே ஓடினார். சித்தப்பா ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, திருவிழாச் சாப்பாட்டைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தார். அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பதைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் லயத்தில் கதை வளர்ந்துவிட்டது. இத்தனை வருடம் சித்தியும் செல்லத்துரையும் பேசாமல் இருந்ததே நடிப்பு என்றார்கள். மெர்சி அக்கா அடுப்பே பற்றவைக்கவில்லையாம். அடுத்த பஸ்ஸில் கொச்சிக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தேன்.

அதற்குமுன் சித்தியிடம் போய் அழுதேன். அவர் முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. "அழாத. மூஞ்சியக் கழுவிட்டு என்கூட வா" என்றார்.

நேராக மெர்சி அக்கா வீட்டுக்குத்தான் போனோம். வாசலுக்கு வாசல் தலைகள். சித்தி அந்தச் சட்டையை எடுத்துவரச் சொன்னார். மெர்சி அக்கா கொண்டுவந்து, கொடுக்காமல் கொடுத்தார். சித்தி எல்லோரும் பார்க்க அதைச் சேலைக்கு மேல் போட ஆரம்பித்தார்.

செல்லத்துரை தேயிலைக் குச்சி மாதிரி இருப்பார். சித்தி அப்படியில்லை. ஒரு கை முழங்கை வரைக்கும் போய் நின்றது. இன்னொரு கையை நுழைத்ததும் முதுகில் 'டர்ர்' என்று ஒரு சத்தம்.

"மெர்சி, இதுக்குள்ள நான் என்னைக்காவது போயிருக்க முடியுமா? நீயே சொல்லு."

மெர்சி அக்கா கிழிந்த இடத்தைத் தையல்காரி கண்ணோடு பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் லயமே சிரித்தது. சித்தி செல்லத்துரை பக்கம் திரும்பி, அத்தனை வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக அவரிடம் பேசினார்.

"உங்க தராசு மாதிரியே உங்க சட்டையும் குறைச்சுத்தான் காட்டுது."

அவரும் சிரித்தார், வேறு வழியில்லாமல். (அடுத்த வாரமே கழிவு குறைந்ததாகச் சித்தி சொல்வார்.) எத்தனையோ ராணிகளையும் வீராங்கனைகளையும் வரைந்திருக்கிறேன். அடுத்தவர் சட்டைக்குள் பாதி மாட்டிக்கொண்டு, கைகளைக் கோழி இறக்கை மாதிரி விரித்தபடி, தலைத்துண்டு முடிச்சு இம்மியும் அசையாமல் நின்ற சித்தியின் கம்பீரத்தை எந்த ராணிக்கும் என்னால் கொடுக்க முடிந்ததில்லை.

சித்தப்பா அடுத்த விடுமுறையில் தனியாக மூணாறுக்குப் போனார். கடைக்காரர் அவருக்கு அளவெடுக்க வந்தபோது, "எனக்கில்ல, வீட்டுக்காரிக்கு" என்றாராம். புத்தம் புதிய முழுக்கைச் சட்டை, கருநீலம். சித்திக்கென்றே வாங்கிய முதல் வேலைச்சட்டை. திங்கட்கிழமை சித்தி அதை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு மலையேறியதை லயமே வாசலில் நின்று பார்த்தது.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யார் புதுத்துணி உடுத்தி வந்தாலும் சித்தப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வாங்குனதா, வரைஞ்சதா?" என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கோட்டைத் தடவிப் பார்த்து அதையே கேட்டார். விவரம் தெரியாத என் கணவர், பாவம், பில்லைத் தேடிப் பைக்குள் கைவிட்டார். பக்கத்தில் நின்ற செல்லத்துரை அவர் தோளில் கைபோட்டு, "வாங்க தம்பி, நான் சொல்லுதேன்" என்று பந்திக்கு அழைத்துப் போனார்.