209-ம் எண் விசுவாசிகள்

மனித குலம் இதுவரை கண்டெடுத்த குணங்களிலேயே தலையாயது விசுவாசம். அந்த விசுவாசத்தை முறைப்படி நட்டு, நீர் ஊற்றி, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு வளர்த்துவரும் ஒரே ஸ்தாபனம், மரினா தி கோர்பெல்லோ கடற்கரையில் உள்ள ஹோட்டல் ஸ்பெரான்சினா. மூன்று நட்சத்திர ஹோட்டல். பெயர்ப்பலகையில் ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் விளக்கு எரியாது. என்றாலும் சட்டப்படி மூன்றுதான்.

பியாசென்சா நகரத்திலிருந்து முப்பது வருஷமாக, ஜூலை பிறந்தால் அங்கே வந்து இறங்குகிறவர்கள் ஆதெல்மோவும் அவர் மனைவி எர்மினியாவும். ஆதெல்மோ நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற உயர்ந்த கொள்கை உள்ளவர். அந்தக் கொள்கையின் பலனாக முப்பது வருஷமும் அவர்களுக்கு ஒரே அறைதான், 209. எர்மினியாவுக்கு வயசு எழுபத்தொன்று, ஆசை ஒன்றே ஒன்று. ஒரு நாளாவது காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், படுத்த படுக்கையிலேயே கடலைப் பார்த்துவிட வேண்டும்.

209-ஐ ஹோட்டலின் விளம்பரத் தாள் ‘கடலை நோக்கிய அறை’ என்று வர்ணிக்கிறது. ஒரு வருஷம் எர்மினியா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். ஹோட்டல் சொந்தக்காரி லோரெதானா நெஞ்சில் கை வைத்தாள்.

“சிஞ்ஞோரா, அறை கடலை நோக்கித்தான் இருக்கு. நடுவுல பக்கத்து ஹோட்டல் வந்து நின்னுக்கிட்டா, பாவம், அறை என்ன பண்ணும்?”

பால்கனிக்கு நேர் கீழே சமையலறைப் புகைபோக்கி. பதினோரு மணிக்குப் பொரித்த கணவாயின் வாசனை உள்ளே வந்தால் மறுநாள் காலைதான் விடைபெறும். ஆக, 209-ல் விசுவாசம் தாராளம். சுவாசம்தான் கொஞ்சம் சிரமம். அதற்காகக் கடலே தெரியாது என்று சொன்னால் அபாண்டம். எர்மினியா கம்பிக்கு மேல் இடுப்புவரை வெளியே சாய்ந்து கழுத்தை இடது பக்கம் முறுக்க, ஆதெல்மோ பின்னாலிருந்து அவள் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு நீலம் தெரியும்.

“தெரியுதா?” என்பார் ஆதெல்மோ.

“தெரியுது. ஒரு படகுகூடப் போகுது... போயிடுச்சு.”

மூன்றாவது மாடியில் 301 என்று ஒரு அறை இருக்கிறது. கட்டிலுக்கு எதிரே ஜன்னல், ஜன்னல் நிறையக் கடல். வருஷா வருஷம் புறப்படும்போது லோரெதானா எர்மினியாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “அடுத்த வருஷம் 301 உங்களுக்குத்தான்” என்று சத்தியம் செய்வாள். ஒரு வருஷம்கூடச் சத்தியம் செய்யத் தவறியதில்லை. அவ்வளவு நாணயம்.

இந்த ஜூலையில் எர்மினியா பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே, “301 சாவி?” என்றாள்.

“அடடா! 301-ல பிரின்சிபே தங்கியிருக்காரே, சிஞ்ஞோரா. மாசம் முழுக்க.”

பிரின்சிபே என்றால் இளவரசர். ஆதெல்மோ தொப்பியைக் கழற்றிவிட்டார். குரலைத் தாழ்த்தி, “எந்த வம்சம்?” என்று கேட்டார்.

“பிரெஞ்சு. சான்றிதழெல்லாம் இருக்கு.”

“கேட்டியா எர்மினியா? இளவரசருக்கு விட்டுக்குடுக்கறதுன்னா அது நமக்குத்தான் பெருமை” என்றார் ஆதெல்மோ. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வதற்காக அன்றே கோட்டை இஸ்திரி போட்டும் வைத்தார்.

மறுநாள் காலை எர்மினியா கதவைத் திறந்தபோது இளவரசர் 209 வாசலில் குறுக்கே படுத்திருந்தார். நசுங்கின மூக்கு, வௌவால் காது, நான்கு கால். அசல் பிரெஞ்சு ஜாதி நாய். கணவாய் வாசனையை இழுத்து இழுத்து முகர்ந்து எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மிலானோக்காரப் பெண் ஜியாடா கழுத்துப்பட்டியோடு ஓடிவந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க, சிஞ்ஞோரா. எங்க விட்டாலும் இங்கதான் வந்து படுத்துக்கறான். கடல் பக்கம் திரும்பக்கூட மாட்டேங்கறான். மனநல டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு, தினமும் எட்டு மணி நேரம் அடிவானம் பார்க்கணும்னு. இல்லைன்னா படபடப்பு வந்துடுமாம்.”

“யாரோட மனநல டாக்டர்?”

“அவனோட.”

விஷயம் இதுதான். ஸ்பெரான்சினா காலத்தோடு சேர்ந்து நடக்கத் தீர்மானித்து, ‘நான்கு கால் விருந்தினர் நலத் திட்டம்’ தொடங்கியிருந்தது. எர்மினியாவுக்கு வயிறு எரிந்தது. இரண்டு கால் போதாது என்று முப்பது வருஷத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

வியாழக்கிழமை மாலை சாப்பாட்டுக் கூடத்தில் ‘விசுவாச விருந்தினர் விழா’. முப்பது வருஷம் ஒரே ஹோட்டலுக்கு வந்தவர்களை நகரசபை கௌரவிக்கிறது. விருந்தினர்கள் பாதி குடித்து அறை எண் எழுதி வைத்திருந்த ஒயின் பாட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு மேஜைமேல் ஆலிவ் காய்களைப் பரப்பியிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரரும் வந்துவிட்டார். ஜியாடாவின் காலடியில் பிரின்சிபேயும் ஆஜர். கவுன்சிலர் ஃபுஸ்கினி தொண்டையைச் செருமினார்.

“விசுவாசம்னா என்ன? எத்தனை வருஷம் ஆனாலும், எதையும் எதிர்பார்க்காம, போட்டதைச் சாப்பிட்டுட்டு, காட்டின இடத்துல படுத்துக்கிட்டு, அதே வாசலுக்குத் திரும்பத் திரும்ப வர்றது!”

கூடமே கைதட்டியது. பிரின்சிபே ஒரு தடவை குரைத்தது. எர்மினியா குனிந்து அதைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. கவுன்சிலர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டது.

ஆதெல்மோவுக்குப் பாராட்டுத் தாள் கிடைத்தது. எர்மினியா கழுத்தில் டால்பின் பொறித்த பதக்கம் ஏறியது. பிறகு லோரெதானா கண்கலங்கி ஒரு பெரிய பரிசைப் பிரித்தாள். 301-ன் ஜன்னலிலிருந்து எடுத்த கடலின் புகைப்படம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

“கட்டிலுக்கு எதிர்ல மாட்டிடறோம், சிஞ்ஞோரா. இனிமே படுத்துக்கிட்டே கடலைப் பாருங்க!”

எர்மினியா பதக்கத்தைக் கழற்றினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து பிரின்சிபேயின் கழுத்தில் மாட்டினாள்.

“கவுன்சிலர் சொன்னதெல்லாம் இவருக்குத்தான் பொருந்துது. எனக்குப் பொருந்தாது. நான் முப்பது வருஷமா எதிர்பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்.”

அப்புறம் படத்தைத் தூக்கி ஜியாடா கையில் வைத்தாள். “இந்தாம்மா, இதுல அடிவானம் முழுசா இருக்கு. டாக்டர் கேட்டதும் அதுதானே? நாம அறையை மாத்திக்கலாம், இதை 209-ல மாட்டிக்கோ. கணவாய் வாசனை இலவசம்.”

“நிஜமாவா? அவனுக்கு அந்த வாசனைன்னா உசுரு, சிஞ்ஞோரா!” என்று குதித்தாள் ஜியாடா. பதக்கத்தோடு நாயைப் படம் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

“நிர்வாக ரீதியா இதெல்லாம் உடனே...” என்று லோரெதானா தொடங்கினாள். புகைப்படக்காரரின் கேமரா தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தைப் புன்னகையாக முடித்துக்கொண்டாள்.

எர்மினியா வரவேற்பு மேஜைக்குப் பின்னால் போய்க் கொக்கியிலிருந்து 301 சாவியைத் தானே எடுத்தாள். ஆதெல்மோவுக்கு வியர்த்துவிட்டது.

“எர்மினியா, எல்லாரும் பார்க்கறாங்க!”

“பார்க்கட்டுமே. அவங்களுக்கு நான் தெரியறேன். எனக்குக் கடல் தெரிய வேண்டாமா?”

மறுநாள் காலை எர்மினியா கண் விழித்தாள். ஜன்னல் நிறையக் கடல். ஒரு படகு போனது, போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த ஆதெல்மோ பழக்கதோஷத்தில் அவள் இரவு உடையின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“விடுப்பா, விழ மாட்டேன்.”

அவர் கையை எடுத்தார். கீழே 209-லிருந்து, கணவாய் வாசனைக்கு நடுவே, பிரின்சிபேயின் சந்தோஷக் குரைப்பு கேட்டது.

“நாம விசுவாசமா இருந்தா அவங்களாவே குடுப்பாங்கன்னு நெனச்சேன், எர்மினியா.”

“முப்பது வருஷம் வாலாட்டிப் பார்த்தாச்சு, ஆதெல்மோ” என்றாள் அவள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். “நேத்துதான் முதல் தடவையாக் குரைச்சேன்.”