ஆற்றங்கரை மாளிகையில் சொன்ன ‘போட்டு வாறம்’

வாங்க வக்கில்லாதவர்கள்தான் வீடு பார்ப்பதில் பெரிய நிபுணர்கள். நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு நானும் பவானியும் இலங்கையிலிருந்து சிட்னிக்கு வந்து ஹோம்புஷ்ஷில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டில் குடியேறினோம். ஃபிரிட்ஜைத் திறந்தால் குசினிக் கதவு மூடிக்கொள்ளும். அந்தப் புழுக்கம் தாங்காமல் சனிக்கிழமைகளில் விற்பனைக்கு வந்த வீடுகளைப் பார்க்கப் போவோம். சினிமாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இதற்கு முகத்தைப் பெரிய மனிதன் மாதிரி வைத்துக்கொண்டால் போதும். (எனக்கு அந்த முகம் இயல்பாகவே வரும். வங்கிக் கணக்குத்தான் ஒத்துழைப்பதில்லை.)

அப்படித்தான் ஒருநாள் இரவல் காரில் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோடம்பழத் தோட்டம் (ஆரஞ்சுதான்) வைத்துப் பணம் பண்ணிய யாரோ கட்டிய மாளிகை. இடிந்து கிடந்ததை ஹரல்ட் என்ற ஓய்வுபெற்ற மனிதர் வாங்கி, படிக்கட்டுப் பலகைகளைக்கூடத் தன் கையால் இழைத்துப் புதுப்பித்திருந்தார். அது முடிவதற்குள் அவருடைய மனைவியின் பொறுமை முடிந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு வந்தால் சேர்ந்து வாழலாம் என்று சொல்லி, பிரிஸ்பேனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். முன்பின் தெரியாத எங்களிடம் ஹரல்ட் இதையெல்லாம் கொட்டினார். நான் கேட்டுக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தேன். எதற்குத் தட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

“உங்கள் குடும்பத்துக்கு என்ன தொழில்?” என்று கேட்டார்.

“தேயிலைத் தோட்டம்,” என்றேன்.

(பொய்யில்லை. அப்பா ஹற்றனில் ஒரு தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர். துரையின் பங்களாவுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.)

ஹரல்டின் முகம் மலர்ந்தது. அன்று காலை ஒரு டாக்டர் வந்து விலை பேசியிருக்கிறார். ஆனால் மாளிகையின் நடன மண்டபத்தை உடைத்துக் கார் ஷெட் ஆக்குவாராம். என்னைப் போன்ற தோட்ட முதலாளி ஒருவர் கையில் வீடு போனால் நிம்மதி என்றார். நானும் பெருந்தன்மையோடு ஆமோதித்தேன்.

புறப்படும்போது பவானி ஆங்கிலத்தில், “சரி, நாங்கள் போகிறோம்,” என்றாள்.

எனக்குப் பகீரென்றது. நல்ல வீட்டு வாசலில் நின்று பேசும் பேச்சா இது?

“என்ன கதை கதைக்கிறீர்? போறம் எண்டு சொல்லக்கூடாது,” என்று அதட்டிவிட்டு, போய்விட்டு வருகிறோம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘போட்டு வாறம்’ என்பதை அப்படியே ஹரல்டுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். “இல்லை, இல்லை. நாங்கள் திரும்பி வருவோம்.”

“நிச்சயமாகவா?”

“நிச்சயமாக.”

“எப்போது?”

“வெகு சீக்கிரம்.”

எல்லாம் மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேண்டாமென்ற மனைவியைக் கணவன் அடக்கிவிட்டான் என்று அவர் நினைத்தார். விலாசம் கேட்டார். பெருமையாகக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு திறந்தால், மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு ஹரல்ட். கையில் பெரிய சாவிக்கொத்து. எங்களிடம் இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தார்.

“நீங்கள் வரவில்லை, நான் வந்துவிட்டேன். டாக்டரை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டேன். மனைவிக்கும் சொல்லியாயிற்று.”

பவானி என் பக்கம் திரும்பினாள். “இஞ்சேருங்கோ, மாளிகை வாங்கினதை எனக்கு எப்ப சொல்லுறதா இருந்தனீங்கள்?”

விடைபெறும்போது நாங்கள் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘வருகிறேன்’ என்றுதான் சொல்வோம் என்று ஹரல்டுக்குத் திக்கித் திணறி விளக்கினேன். அவர் யோசித்தார்.

“உண்மையாகவே திரும்பி வருவதென்றால் என்ன சொல்வீர்கள்?”

“அதையேதான்.”

“வித்தியாசம் எப்படித் தெரியும்?”

“வந்தால் தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. “என் மனைவி ‘போகிறேன்’ என்றுதான் சொன்னாள்,” என்றார்.

பவானிதான் தேத்தண்ணி கொடுத்து அவரைத் தேற்றினாள். பிறகு எனக்குத் தீர்ப்புச் சொன்னாள்: “காற்சட்டையைப் போட்டுக்கொண்டு இவரோட போங்கோ. நாங்கள் வாங்கேல்ல எண்டு டொக்டரிட்ட நீங்களே சொல்லுங்கோ.”

போனேன். டாக்டர் வீட்டு வாசலில் நின்று, நான் தோட்ட முதலாளி இல்லை, என்னிடம் பணமும் இல்லை என்று சொன்னேன். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, “அது பார்த்தாலே தெரிகிறதே,” என்றார். அந்தச் சந்தோஷத்தில் விலையைக் கொஞ்சம் குறைத்து வீட்டை வாங்கிக்கொண்டார். நடன மண்டபம் என்னவாயிற்றோ தெரியாது. அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுப்பதில்லை.

பிரிஸ்பேனுக்குப் புறப்படும் அன்று ஹரல்ட் ஃபோன் செய்தார். பவானியிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுப் படித்து, “போட்டு வாறன்,” என்றார். எங்கள் ஆட்களைப் போலவே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்: திரும்பி வரவேயில்லை. மனைவி சேர்த்துக்கொண்டுவிட்டார்.

என் பெயர் கெட்டது கெட்டதுதான். யார் வீட்டு வாசலிலும் நான் “அப்ப வாறன்” என்று வாயெடுத்தால், காருக்குள் இருந்து என் மகள் கத்துகிறாள்: “அம்மா, ஓடி வாங்கோ! அப்பா இந்த வீட்டையும் வாங்கப்போறார்!”