மூணு மைக்கும் ரிஜக்ட்

முருகன் துணை

வேலம்பாளையம்,
புரட்டாசி 9.

பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் மரியாதைக்குரிய மைத்துனர், மாப்பிள்ளை வேல்குமார் அவர்களுக்கு, தங்கள் அக்கா ஜெயபாரதியின் கணவரும் ஓய்வுபெற்ற நிட்டிங் மாஸ்டரும் ஆகிய ரத்தினசாமி எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கச்சியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேலவனை வேண்டுகிறேன். இங்கே நானும் அப்படியே இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. போன செவ்வாய்க்கிழமைதான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள், காரணம் அது அல்ல. தாங்கள் அனுப்பிய சாமான் செய்த காரியத்தில் எனக்கு மூன்று நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆடி மாதம் நம் தெருமுனையில் விளக்கில்லாத இருட்டில் கல் தடுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது தாங்கள் அறிந்ததே. எனக்கோ தினம் இரண்டு கடிதமாவது எழுதியாக வேண்டும். ஓய்வுபெற்ற நிட்டிங் மாஸ்டர்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். போனில் பேசலாமே என்பீர்கள். இப்போது வருகிற போன்களில் எதிராளி கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கிறது, நான்கு போன் மாற்றிவிட்டேன். அதனால்தான் தாங்கள், வாயால் சொன்னால் கம்ப்யூட்டரே தமிழில் எழுதிக்கொள்ளும், நல்ல மைக் ஒன்று இருந்தால் போதும் என்று சொல்லி மூன்று மைக்கை அனுப்பி, எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டையும் திருப்பி அனுப்புங்கள் என்றீர்கள். முப்பத்துநாலு வருசம் துணியைத் தடவிப் பார்த்தே அதன் எடை இத்தனை ஜிஎஸ்எம் என்று சொன்னவன் நான். சாம்பிள் பார்த்து அப்ரூவல் கொடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் சரி என்றேன்.

முதல் சாம்பிள் தலையில் மாட்டிக்கொள்வது. காதை இரண்டு பக்கமும் அடைக்கிறது. இதை மாட்டிக்கொண்டால் ஊட்டில் நடப்பது ஒன்றும் நமக்குக் கேட்காமல் போய்விடும் என்று அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன். ரிஜக்ட்.

இந்த இடத்தில் உங்க அக்கா விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், மறைத்துப் பிரயோசனமில்லை. தை மாதம் உங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் சங்கக் கூட்டத்தைச் சொல்லி வராமல் இருந்தேன் அல்லவா, அன்றிலிருந்து எட்டு மாதமாக உங்க அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. காபி வருகிறது, சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிசின் ஓடுகிற ஹாலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது, நாங்கள் கையாலேதான் பேசிக்கொள்வோம். விரலைச் சுழற்றினால் நூல் கோன் தீர்ந்துவிட்டது, காது மடலைப் பிடித்து இழுத்தால் ஓனர் வருகிறார். அந்தப் பழக்கத்தில் ஊட்டிலும் நான் கையைத் தூக்கினால் காபி, வயிற்றைத் தட்டினால் சோறு. அதனால் பேச்சில்லாமலே குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. தினம் சாயங்காலம் ஆறு மணி ஆனால் பூக்கூடையை எடுத்துக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் தனியாகத் தெருக்கோடி முருகன் கோயிலுக்குப் போய்விடுகிறாள். வீம்பு என்றால் எனக்கும் உண்டு, நானும் கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை, உங்களிடம் சொல்ல என்ன, எனக்கு வயது அறுபத்திரண்டு. சில நாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. இப்படியே முகம் பார்க்காமல் காலம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வீடே ஊமையாகிவிட்டது. இந்தக் காலத்துக் குக்கர்கள் விசில் அடிப்பதில்லை, காலிங்பெல் மூன்று மாற்றியும் மூன்றும் மட்டமான சரக்கு, சுவரில் இருக்கிற பல்லிகூட முன்னைப்போலக் கத்துவதில்லை. அழகுமலை வந்து பேசினால்தான் ஊட்டில் மனுசக் குரல் கேட்கிறது.

அழகுமலை எங்கள் சங்கத் தலைவர். இரண்டாவது சாம்பிளால் அடிபட்டவர் அவர்தான். அது வட்டமாக, சுற்றிலும் துளையாக, நாலா பக்கத்துப் பேச்சையும் எடுப்பது. ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கடிதத்தை வாயால் சொன்னேன், கம்ப்யூட்டர் எழுதியது, அனுப்பினேன். மறுநாள் அவர் அதை அச்செடுத்துக்கொண்டு முகம் சிறுத்து வந்து நின்றார். "தாங்கள் தலைமையேற்று உரையாற்ற வேண்டுகிறோம்" என்ற வரிக்கு அடுத்த வரியில், "அவருங்களா, மைக்கைப் புடிச்சா ஒன்றரை மணி நேரத்துக்கு உட மாட்டாருங்க, வந்தவங்க பசியில சாகோணும்" என்று இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை, முருகன் மேல் ஆணை. அவர் விழாவில் நான்கே நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக எல்லோரும் சூடாகச் சாப்பிட்டார்கள், எனக்கு நன்றி வேறு சொன்னார்கள். இருந்தாலும் நாம் சொல்லாததை எழுதுகிற மைக் நமக்கு எதற்கு. ரிஜக்ட்.

மூன்றாவதுதான் தாங்கள் பெரிதாகச் சொன்ன நீளக்கட்டை. ஒரு முழம் நீளம், வரிசையாக எட்டுத் துளை, ஒவ்வொரு துளையும் ஒரு காது, எட்டும் சேர்ந்து எதிரில் இருப்பவர் பேச்சை மட்டும் பிடிக்கும் என்றீர்கள். மேசை மேல் எனக்கு எதிரில் வைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் அடுக்களை, அங்கே பேசாமடந்தை உங்க அக்கா, ஆகவே ஒரு தொந்தரவும் இல்லை என்று நிம்மதியாகத் தெருவிளக்கு வேண்டி வார்டு ஆபீசுக்கு மூன்று பக்கம் சொன்னேன். இந்த முறை அனுப்புமுன் இரண்டு பக்கத்தைப் படித்தும் பார்த்தேன், மூன்றாவதைப் படிக்காமல் அனுப்பிவிட்டேன். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி என்ன தெரியுமா? "கோயிலுக்கு வர்றீங்களா, இல்ல நான் மட்டும் போயிட்டு வரட்டுங்களா." இடம் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து அந்த ஆபீசர் பாவம் ஆறரை மணிக்குக் கோயிலுக்கே வந்துவிட்டார். அங்கே உங்க அக்கா தன்னந்தனியாக இருட்டில் சுற்றி வருவதைப் பார்த்து மனசு கேட்காமல் இரண்டே நாளில் கோயில் வாசலில் விளக்குப் போட்டுவிட்டார். நான் விழுந்த தெருமுனை இன்னும் இருட்டாகத்தான் கிடக்கிறது.

அதிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் கடிதமாக இருந்தாலும், சாயங்காலம் எழுதினால் அந்தக் கோயில் வரி எங்காவது வந்து உட்கார்ந்திருக்கிறது. நானும் விடாமல் அழித்தேன். எண்ணி வைத்திருக்கிறேன், இருபத்தாறு தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை இதற்கொரு முடிவு கட்டுவது என்று ஒரு டெஸ்ட் வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன், டிவியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், மைக்கை மட்டும் போட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தேன், உங்க அக்கா தலையைக் குனிந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி விழுந்தால் கேட்கும், அத்தனை அமைதி. திரையைப் பார்த்தால் மளமளவென்று வரி ஓடுகிறது. "ஃபேன நிறுத்திப்போட்டு இந்த மனுசன் யாருக்கு மௌன அஞ்சலி செலுத்தறாரோ தெரியலயே. அவரைக்காய் வேற முத்திப்போச்சு. வேலு புள்ளைக்குச் சளின்னு சொன்னான், கேக்கோணும். அந்தக் கட்டைகிட்டப் பேசறதுல பாதி நம்மகிட்டப் பேசுனா என்னவாமா." நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப்போனேன்.

உடனே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற சரவணக்குமாரை வரச்சொன்னேன். அவன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுக்களைக்குப் போய் உங்க அக்காவோடு கால் மணி நேரம் ரகசியமாக வாயை அசைத்துக்கொண்டிருந்தான், அவளும் அவனோடு வாயை அசைத்தாள், என்னோடு பேசாதவள். பிறகு என்னிடம் வந்து, "பெரியப்பா, மைக்குல ஒரு கொறையுமில்லீங்க" என்று கத்திச் சொல்லிவிட்டு, தன் காது மடலைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துக் காட்டினான். நான் பதறி எழுந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றேன். எந்த ஓனரும் வரவில்லை. அவன் ஒரு சீட்டில் ஏதோ டாக்டர் பெயரும் நம்பரும் எழுதி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனான். எனக்குக் கிறுக்கு என்று நினைத்திருக்கிறான், அந்தச் சீட்டை நான் தொடவில்லை.

இப்போது நேராகவே கேட்கிறேன், கோபத்திலும் மரியாதை குறையக்கூடாது என்பதால் 'ங்க' போட்டே கேட்கிறேன். இது உங்க வேலைதானுங்களா? குழந்தைக்குச் சளி என்பது உங்களை விட்டால் வேறு யாருக்குங்க தெரியும்? எனக்கும் உங்க அக்காவுக்கும் பேச்சில்லை என்று யாரோ சொல்லி, உங்க அக்கா பேசுகிற மாதிரியே பேச்சைத் தயார் பண்ணி அந்தக் கட்டைக்குள் அடைத்து அனுப்பியிருக்கிறீங்க, அதைப் படித்து நான் மனசு இளகிப் போய்ப் பேசுவேன் என்று. படித்தவர் செய்கிற காரியமாங்க இது? அவள் பேசவில்லையென்றால் பேசவில்லை என்று இருந்துவிட்டுப் போகிறேன். அவள் பேசாத பேச்சைப் பொய்யாக எழுதிக் காட்டாதீங்க, அதைத் தாங்க முடியவில்லை. மூன்று சாம்பிளும் ரிஜக்ட். நாளைக்கே பார்சலில் ஏற்றிவிடுகிறேன். தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அடுத்த வாரம் நேரில் வந்து, தங்கள் அக்காவிடம் என்னோடு ஒரு வார்த்தையாவது பேசச் சொல்ல வேண்டியது.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். குழந்தைக்குச் சளி குணமாகி, நூறாயுசும் நிறைஞ்ச படிப்பும் பெற்று விளங்க நம் வேலவன் கூடவே நிற்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த,
ரத்தினசாமி.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியதை நம்ப வேண்டாமுங்க. கவரை ஒட்டுவதற்கு முன்னால், சாட்சிக்கு ஒரு பக்கம் அச்செடுத்து உள்ளே வைக்கலாம் என்று கட்டையைக் கடைசியாக ஒரு தடவை போட்டேன். திரையில், "சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்கறீங்க" என்று வந்தது. குனிந்து பார்த்தால் மாற்றித்தான் போட்டிருக்கிறேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு இது எப்படித் தெரியும்? திரும்பினேன். பூக்கூடையோடு உங்க அக்கா பின்னால் நிற்கிறாள், உதடு அசைகிறது, ஒரு சத்தமுமில்லை. திரையைப் பார்த்தேன், "என்னங்க அப்படிப் பாக்கறீங்க" என்று இருந்தது. அவளைப் பார்த்தேன், உதடு அசைந்தது. திரையைப் பார்த்தேன், வரி வந்தது. "ஜெயா, நீ பேசறது எனக்குக் கேக்கலியே" என்றேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் வந்ததைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்: "நான் எட்டு மாசமாப் பேசிட்டுத்தானுங்க இருக்கறேன். நீங்கதான் கோவத்துல பதில் சொல்றதில்லைன்னு நெனச்சுட்டிருந்தேன். நானுந்தான் வீம்புக்கு முன்னால வந்து நின்னு கேக்காம உட்டுட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் பையன் அன்னைக்கு, டாக்டருக்குப் போன் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்பக்கூட நான் நம்பலீங்க."

இருபத்தாறு நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று கோயிலுக்குக் கூப்பிட்டிருக்கிறாள் மாப்பிள்ளை. இருபத்தாறையும் நானே உட்கார்ந்து அழித்திருக்கிறேன்.

சரவணக்குமார் எழுதி வைத்தது காது டாக்டர் நம்பர், வியாழக்கிழமை போகிறோம். மூன்றாவது சாம்பிள் அப்ரூவ்டு, திருப்பித் தர மாட்டேன். வயர்தான் நீளம் பத்தவில்லை, அடுக்களை வரைக்கும் எட்டுகிற மாதிரி ஒன்று அனுப்பி வையுங்க. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடப் போனேன், உங்க அக்கா படித்துச் சிரித்துவிட்டு, தம்பியும் சிரிக்கட்டும், அனுப்புங்க என்று திரையில் சொல்லிவிட்டாள்.

மணி ஆறு ஆகிவிட்டது. இன்றைக்கு நானும் கோயிலுக்கு வருகிறேன் என்று சொன்னேன். திரையில் எழுதியிருப்பது இது: "போலாமுங்க. அதுக்கு ஏனுங்க இப்படிக் கத்தறீங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."